கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மண்டபத்துக்குள் இடம் கிடைக்காமல் படிக்கட்டிலும், எதிரே மருந்துக்கடை வாசலிலும் குடை பிடித்து நிற்கும் என் உறவுகளே! என் முதல் வணக்கம் உங்களுக்கு. மேடையில் வீற்றிருக்கும் மௌலவி அவர்களும், பங்குத்தந்தை அவர்களும், கோயில் அறங்காவலர் ஐயா அவர்களும், ஹட்டன் நகர வர்த்தகப் பெருமக்களும் என்னைப் பொறுத்தருள வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வெளியே நிற்பவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது, நாம் யாருக்காக இங்கே கூடியிருக்கிறோமோ அந்த மனிதர் கடைசிவரை கடைப்பிடித்த ஒழுங்கு. அவருக்காகக் கூடிய கூட்டத்தில் அந்த ஒழுங்கை நான் மீறக்கூடாது.

அல்ஹாஜ் பைஸர் அவர்கள்! அகில இலங்கைச் சமாதான நீதவான். இந்த நகரில் பயணப் பெட்டிகள் விற்ற வர்த்தகர். மலையக விமானப் பயணிகள் நலச் சங்கத்தின் தலைவர். நமக்கெல்லாம் வெறும் ‘ஹாஜியார்’.

நான் ஜூட்சன். கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். இன்று பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பிக்கிறேன். சங்கத்தின் செயலாளராக ஹாஜியாரின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். இரங்கல் கூட்டத்தில் தாளைப் பார்த்துப் பேசுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கோபத்தில் இருப்பவன் எழுதிவைத்துப் பேசுவது எல்லோருக்கும் நல்லது.

அன்பர்களே! எங்கள் தோட்டங்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் ஒருவரா போகிறார்? ஒரு வேன் போகிறது! அம்மா, அப்பா, சின்னம்மா, மாமா, பெட்டி கட்ட உதவிய பக்கத்துக் காம்பராக்காரர், போகிறவள் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தை, அந்தக் குழந்தை அழுதால் தூக்கிக்கொள்ள இன்னொருத்தி. ரொட்டியும் சம்பலும் வாழையிலையில் கட்டியிருக்கும். கினிகத்தேனை வளைவுகளில் வாந்தி வராமலிருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கும். அந்த வேன் ஹாஜியாருடைய நீல வேனாக இருக்கும். பெட்டி வாங்கினால் வேனும் வரும், வேனோடு ஹாஜியாரும் வருவார். அப்படித்தான் இந்த மலையிலிருந்து ஒரு தலைமுறைப் பெண்கள் கீழே இறங்கிப் போனார்கள்.

என் அக்கா தெரேசா குவைத்துக்குப் போனதும் அந்த வேனில்தான். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். விமான நிலையத்துக்குள் பயணிக்கு மட்டுந்தான் அனுமதி. அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் வெளியிலேயே, கம்பி வேலியோரம், வெயிலில் வரிசையாக நின்றோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போகிறவள் ஏறிய விமானம் எழும்பி, அதற்குக் கை காட்டிய பிறகுதான் வேனில் ஏறுவது. அதற்கு முன்னால் யாரும் திரும்பமாட்டார்கள். ஆனால் எந்த விமானம் என்று வேலியோரத்தில் நிற்பவர்களுக்கு யார் சொல்வது?

“ஹாஜியார், இதுங்களா?” என்று கேட்டார் என் அப்பா மரியநாயகம்.

“இது சின்னதுங்க. இது இல்ல. பொறுங்க.”

அடுத்தது எழுந்தது.

“அப்ப இதுங்க?”

ஹாஜியார் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். “இதேதான்! காட்டுங்க கைய!”

காட்டினோம். ஐயா, என்ன ஒரு கை காட்டல்! சின்னம்மா முந்தானையை அவிழ்த்து ஆட்டினார். அப்பா தொப்பியைக் கழற்றினார். அம்மா வானத்தைப் பார்த்து, “அடியே தெரேசா! சாப்பிட்டியாடி?” என்று கத்தினார். “அவ சாப்பிட்டுட்டா, நீங்க வாங்க” என்று ஹாஜியார் சொல்ல, வேலியோரமே சிரித்தது. நிம்மதியாக வேனில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

அக்கா ஒப்பந்தம் முடித்துத் திரும்பி வந்தபோது ஹாஜியார் பிஸ்கட் பெட்டியோடு கந்தப்பளைக்கு வந்தார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா அந்தக் கதையைச் சொன்னாள். “நீங்க கை காட்டினீங்களே, அதுல நான் இல்ல. எங்க பிளேன் லேட்டு. மேல் மாடியில கண்ணாடிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். வேலி அங்கேருந்து நல்லாத் தெரியும். எல்லாரும் யாருக்கோ கை காட்டிட்டு வேன்ல ஏறுறீங்க. நான் கண்ணாடியத் தட்டு தட்டுன்னு தட்டுறேன். சின்னம்மாதான் கடைசியா ஏறினாங்க.”

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். ஹாஜியார் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். “நான்தானே மகள் சொன்ன, அதேதான்னு” என்றார். பிறகு தேத்தண்ணீரைத் தொடவேயில்லை.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். யாருடைய விமானம் என்று தெரியாமல் வேனை எடுக்கவிடமாட்டார். உள்ளேயிருந்து வருகிற துப்புரவுத் தொழிலாளி, சாப்பாட்டு வண்டிக்காரர், விமானப் பணிப்பெண் என்று ஒருவரையும் விடமாட்டார். “அந்தக் குவைத் பிளேன் போயிட்டுதா?” என்று கேட்டுக்கொண்டே நிற்பார். வேனில் காத்திருப்பவர்கள், “ஹாஜியாரே, விடிஞ்சா நாங்க வேலைப் பெரட்டுக்கு நிக்கணுங்க!” என்று கத்துவார்கள். அவர் காதில் விழாது. தமது தவறு என்று அவர் நினைத்த ஒன்றை அவர் இப்படித்தான் திருத்திக்கொண்டார். பிறகு, இது என் தவறு மட்டுமா என்று யோசித்தார். அந்த யோசனையிலிருந்து பிறந்ததுதான் நமது சங்கம்.

அவர் கேட்டது என்ன? மலைநாட்டிலிருந்து போகிற பஸ் விமான நிலைய வாசல்வரை போக வேண்டும். அந்த வாசலோரம், கூரை போட்ட, கழிப்பறை உள்ள ஒரு மண்டபம் வேண்டும். அந்த மண்டபத்தின் ஒரு சுவர் கண்ணாடியாக இருக்க வேண்டும். உள்ளே போனவள் வெளியே நிற்பவர்களைப் பார்க்க வேண்டும், வெளியே நிற்பவர்கள் உள்ளே போனவளைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்! இதைக் கேட்பதற்கு ஒரு மனிதருடைய ஆயுள் போதவில்லை என்றால், அந்த வெட்கம் யாருக்குச் சேர வேண்டும்?

பஸ் வந்தது. ஹட்டனிலிருந்து நேராக விமான நிலையத்துக்கு ஒரு பஸ். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதைக் கொண்டுவந்தவர் ஹாஜியார். வேன் சாரதி பொன்னையா அண்ணன் இதோ தூணோரம் நிற்கிறார். அவர் அன்றைக்குக் கேட்டார்: “ஹாஜியாரே, நம்ம வேனுக்கு நாமளே ஆப்பு வைக்கிறோமே, பஸ் வந்தா நம்ம வேன்ல யாரு ஏறுவா?” ஹாஜியார் சொன்னார்: “நீங்களும் பஸ்ஸுல ஏறிக்கங்க பொன்னையா. ஜன்னல் பக்கம் சீட்டு வாங்கித் தாரேன்.” நீல வேன் விற்கப்பட்டது. பொன்னையா அண்ணனுக்கு அந்தப் பஸ்ஸிலேயே வேலை கிடைத்தது. ஜன்னல் பக்கந்தான்!

ஆனால் பஸ் வாசல்வரை விடப்படவில்லை. ஹோட்டல் வண்டிகள் போயின. உல்லாசப் பயணிகளின் பஸ்கள் போயின. நமது பஸ் மட்டும் பிரதான வீதியில் நின்றது. அங்கிருந்து பெட்டியோடு நடக்க வேண்டும். முதல் நாள் பயணத்தில் நானும் இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. டயகமவிலிருந்து காளியாயி அம்மா தன் மூத்த மகள் பிரியந்தியை அனுப்ப வந்திருந்தார். பெட்டியின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஹாஜியார் வெள்ளைச் சட்டையோடும் தொப்பியோடும் இறங்கி, அந்தப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். பெட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. காளியாயி அம்மா பின்னாலேயே நடந்துகொண்டு, “என்னங்க ஹாஜியாரே, நாலு நாளு கொழுந்துக் கூடை தூக்கியிருந்தீங்கன்னா இப்ப தல ஆடாதுங்களே!” என்றார். “அடுத்த மாசம் மலைக்கு வாறேன், எனக்கும் கொழுந்து பறிக்க ஒரு நிரை குடுங்க” என்றார் ஹாஜியார். “நிரை குடுக்கலாங்க, கங்காணி ஒங்களத் திட்டுறத யாரு கேக்குறது!” அந்த மழையிலும் சிரித்துக்கொண்டே நடந்தோம். இன்று நினைத்தால், அந்தச் சிரிப்பும் அந்தச் சேறும் அந்த ஆடும் பெட்டியும் எனக்கு எந்தத் திருவிழாவையும்விடப் பெரிதாகத் தோன்றுகின்றன.

பிறகு விமான நிலைய முனையத்தைப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. திட்ட அலுவலகம் முதல் வரைபடத்தை வெளியிட்டது. ஹாஜியார் எழுதிய மனுக்கள் வீண்போகவில்லை. புதிய முனையத்தின் கிழக்கு மூலையில் ஒரு சிறிய நீள்சதுரம். அதற்குள் மூன்று மொழிகளிலும், ‘தூரப் பஸ் தரிப்பிடமும் வழியனுப்புவோர் மண்டபமும்’ என்று எழுதியிருந்தது. வரைபடங்கள் என் தொழில். ஆயிரம் வரைபடங்கள் பார்த்திருப்பேன். ஒரு நீள்சதுரத்தைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வரைபடத்தை அவர் கடையில், பெட்டிகளுக்கு நடுவே, சுவரில் மாட்டினார். பெட்டி வாங்க வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் விரல் வைத்துக் காட்டினார். “இந்தா, நீங்க இங்கதான் நிப்பீங்க. பொறகு ரயில் பாதையும் போடுவாங்க. அதுவும் இந்த வாசல்லதான் வந்து நிக்கும். நானுஓயாவுல ஏறுற புள்ள, மாறி ஏறி, இங்க வந்து எறங்குவா. மழையும் இல்ல, சேறும் இல்ல.” வாங்க வந்தவர்கள் பெட்டியை மறந்து படத்தைப் பார்ப்பார்கள். அவர் மகன் ரிஸ்கான், “வாப்பா, பெட்டி விக்கிறீங்களா, ஏர்போட் விக்கிறீங்களா?” என்று கேலி செய்வான். “ரெண்டும் ஒண்ணுதான் மகன்” என்பார்.

அதன்பிறகு கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் கலந்தாலோசனைக் கூட்டம். ஹாஜியாரும் நானும் போயிருந்தோம். ஓர் அதிகாரி, மரியாதையாகத்தான், கேட்டார்: “ஹாஜியார், பறக்கிறது ஒருத்தர். அவரை அனுப்ப ஒரு வேன் ஆட்கள் எதற்கு? மற்றவர்கள் வீட்டிலிருந்தே விடைகொடுத்தால் என்ன?” ஹாஜியார் எழுந்தார். “மாத்தயா, நீங்க கல்யாணம் முடிச்சிட்டீங்களா?” “முடித்துவிட்டேன்.” “எத்தனை பேர் வந்தாங்க?” “நிறையப் பேர்.” “முடிச்சது ரெண்டு பேர்தானே? மத்தவங்க வீட்டிலிருந்தே வாழ்த்தியிருந்தா என்ன?” மண்டபம் அதிர்ந்தது. அந்த அதிகாரியும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெட்டிஸும் கோப்பியும் கொடுத்தார்கள். நாங்கள் வெற்றியோடு மலையேறினோம்.

அன்பர்களே! சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவர்கூட ஒரு வரியும் எழுதிக்கொள்ளவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை.

இறுதி வரைபடம் இந்த வருடம் வந்தது. கிழக்கு மூலையில் அந்த நீள்சதுரம் அப்படியே இருக்கிறது. அதற்குள் இருந்த எழுத்துத்தான் மாறியிருக்கிறது. ‘சிறப்பு விருந்தினர் வாகனத் தரிப்பிடம்.’ நமது பஸ்? அது வேலிக்கு வெளியே, பிரதான வீதிக்கு அப்பால் ஒரு போக்குவரத்து மையத்தில் நிற்கும். அங்கிருந்து முனையத்துக்கு இணைப்புப் பாதை? எதிர்காலக் கட்டத்தில். ரயில்? எதிர்காலக் கட்டத்தில். வழியனுப்புவோர் மண்டபம்? எதிர்காலக் கட்டத்தில்கூட இல்லை. என் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் துறையின் மொழி இது. இந்த மொழியில் ‘எதிர்காலக் கட்டம்’ என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ‘நீங்கள் செத்த பிறகு’ என்று பொருள். ஹாஜியார் விஷயத்தில் அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள்.

அந்த வரைபடத்தை நான்தான் அவரிடம் கொண்டுபோனேன். நோயில் படுத்திருந்தார். மறைத்திருக்கலாம் என்று அவர் மனைவி ஆமினா உம்மா சொன்னார். அவரிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை எனக்கு. கட்டிலில் விரித்தேன். விரல் நேராக அந்த மூலைக்குப் போனது. அங்கேயே நின்றது. கோபப்படவில்லை. யாரையும் ஏசவில்லை. “அப்ப, அவங்க எங்க நிப்பாங்க மகன்?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் உங்கள் முன்னிலையில் அதே கேள்வியைத் திட்ட அலுவலகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். அவர்கள் எங்கே நிற்பார்கள்? இதோ, இரண்டாம் வரிசையில் காளியாயி அம்மாவின் இளைய மகள் லோஜினி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு விசா வந்துவிட்டது, சீக்கிரம் போகப்போகிறாள். ஹாஜியார் கடைசியாக விற்ற பெட்டி அவளுடையது. அவள் ஒப்பந்தம் முடித்துத் திரும்பும்போது புதிய முனையம் எழும்பியிருக்கும். அன்றைக்குக் காளியாயி அம்மா எங்கே நின்று மகளைப் பார்ப்பார்? சிறப்பு விருந்தினரின் கார்களுக்கு நடுவிலா? வீதிக்கு அப்பாலா? சேற்றிலா?

திட்ட அலுவலகம் ஹாஜியாரை மறந்துவிடவில்லை. அதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் காலமான மறுநாள் வீட்டுக்கு ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். முஸ்லிம்களின் ஜனாஸா வீட்டுக்கு மலர்வளையம் கொண்டுபோவதில்லை என்பதை இத்தனை வருடம் அவரோடு கூட்டம் நடத்தியும் அறிந்துகொள்ளாதவர்கள். ஆமினா உம்மா அதைத் திருப்பி அனுப்பவில்லை. மழையில் அதைக் கொண்டுவந்தவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அந்த வீட்டின் குணம் அது.

இன்று எனக்கு முன்னால் பேசிய அலுவலகப் பிரதிநிதி அவர்கள், இன்னொரு நற்செய்தியும் கொண்டுவந்தார். புதிய முனையத்தில் ஓர் இருக்கைக்கு ஹாஜியாரின் பெயர் பொறித்த பலகை வைக்கப்படுமாம். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் கேட்டேன், எந்த இடத்தில் என்று. புறப்படும் பயணிகளின் கூடத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால். அன்பர்களே, கவனியுங்கள்! வெளியே நிற்பவர்களுக்காக வாழ்ந்த மனிதரின் பெயரை, வெளியே நிற்பவர்கள் ஒருபோதும் நுழைய முடியாத இடத்தில் பொறிக்கப்போகிறார்கள். காளியாயி அம்மா அந்தப் பலகையைத் தம் வாழ்நாளில் பார்க்கமாட்டார். ஐயா அவர்களே, உங்கள் அன்புக்கு நன்றி. சங்கத்தின் சார்பில் அந்தப் பலகையை நாங்கள் ஏற்கவில்லை. அவருடைய பெயரை நீங்கள் எங்கேயும் எழுத வேண்டாம். அந்த நீள்சதுரத்துக்குள் முதலில் எழுதியிருந்ததைத் திரும்ப எழுதுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஹாஜியார் காலமான அன்று காலையில் மண்சரிவு. டயகம வீதி மூடிக்கிடந்தது. கந்தப்பளைப் பக்கமும் பஸ் ஓடவில்லை. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். தோட்டங்களிலிருந்து நீங்கள் நடந்தும், லொறியில் தொற்றியும் வந்து சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. கப்ரடி வாசலில் நீங்கள் நனைந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன். கணவரை இழந்து வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கும் ஆமினா உம்மா இந்த மண்டபத்துக்கு வர முடியாது. ரிஸ்கானிடம் ஒரு சொல் சொல்லி அனுப்பியிருக்கிறார். உங்களைக் குறை சொல்லும் சொல் அல்ல. நானும் மாற்றாமல் சொல்கிறேன்: “அவர் எல்லாரையும் அனுப்பிவச்சார். அவர அனுப்பத்தான் அவங்களால வர முடியாமப் போச்சு. அவங்க மனசு என்ன பாடுபடும்.”

உறவுகளே! நாம் ஒருவரையும் கை காட்டாமல் அனுப்பியதில்லை. இவரை மட்டும் அனுப்பத் தவறிவிட்டோம். அந்தக் கடமை நம்மிடம் மிச்சமிருக்கிறது. அதை எப்படி முடிக்கப்போகிறோம்?

இறுதி வரைபடத்தின் மீதான பகிரங்க விசாரணை அடுத்த மாதம் நடக்கிறது. அறிவித்தலில் ‘பொதுமக்கள் சமுகமளிக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். சமுகமளிப்போம்! அக்கா தெரேசா வருகிறாள். கண்ணாடியைத் தட்டிய கையால் இந்த முறை அவர்களுடைய மேசையைத் தட்டுவாள். பொன்னையா அண்ணன் வருகிறார். காளியாயி அம்மா வருகிறார். சங்கத்தின் சார்பில் பேசப்போவது நான் ஒருவன்தான். ஒருவன் பேசுவதற்கு ஒரு வேன் ஆட்கள் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்! நல்லதண்ணியிலிருந்து ஒரு வேன், டயகமவிலிருந்து ஒரு வேன், கந்தப்பளையிலிருந்து ஒரு வேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வாருங்கள். எலுமிச்சம்பழத்தை மறக்காதீர்கள். நம் ஆட்கள் ஒருவரை எப்படி வழியனுப்புவார்கள் என்பதை அவர்கள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். நேரில் பார்க்கட்டும்.

அவருக்கான துஆவை மௌலவி அவர்கள் ஓதிவிட்டார். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரு வாக்குறுதி மட்டும் தருகிறேன். ஹாஜியாரே, அன்றைக்கு உங்களை நம்பி நாங்கள் வேறு யாருடைய விமானத்துக்கோ கை காட்டிவிட்டு, உள்ளே ஒருத்தி கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்க, சிரித்தபடி வேனில் ஏறிவிட்டோம். உங்களால் கடைசிவரை அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இந்த முறை அவர்கள் எதைக் காட்டி ‘இதேதான்’ என்று சொன்னாலும், அந்த மூலையில் அந்தக் கண்ணாடிச் சுவர் எழும்புவதைக் கண்ணால் பார்க்கும்வரை எங்களில் ஒருவரும் வேனில் ஏறமாட்டோம்.